எச்சரிக்கை: முந்தின நாள் சோற்றைச் சூடுபண்ணித் தலையில் கட்டினார்கள்

வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். கடையில் வாங்கிய மதியச் சாப்பாட்டால் நானும் என் மனைவியும் மகளும் ஒரே நாளில் படுத்துவிட்டோம். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

டப்பாவைத் திறந்ததும் ஆவி பறந்தது. கரண்டியை உள்ளே விட்டபோது நடுவில் சோறு கட்டிகட்டியாக, ஜில்லென்று இருந்தது. ஓரத்துப் பருக்கைகள் காய்ந்து விறைத்திருந்தன. கெட்ட வாடை இல்லை, ருசியிலும் வித்தியாசம் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் மகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள், அப்புறம் நாங்கள் இருவரும். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கறியை மட்டும் சாப்பிட்டு, சோற்றைத் தொடாத என் மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைக்குப் போன் செய்தால், "நல்லா சூடுபண்ணித்தான் குடுத்தோம், எங்க சாப்பாட்டுல குறை வராது" என்றார்கள். விடாமல் கேட்டதும், அது முந்தின ராத்திரி மிச்சம், பாத்திரத்தோடு சமையலறை மேடையிலேயே மூடி வைத்தது என்று வெளியே வந்தது. அதைத் தப்பு என்றே அவர்கள் நினைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான்.

மருத்துவர் சந்தேகப்பட்டது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவை. இது மண்ணில் இருப்பது, அரிசியோடு சேர்ந்தே சமையலறைக்குள் வந்துவிடும். விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் இதன் ஸ்போர்கள் கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை. வடித்த சோறு வெளியில் கிடந்து மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால், ஒரே ஒரு பாக்டீரியா 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அப்படிப் பெருகும்போது அது சோற்றிலேயே செரியுலைட் என்ற நஞ்சைச் சுரந்து வைக்கிறது. இந்த நஞ்சு 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. அப்படியிருக்க, சாப்பிடும் முன் கொடுக்கும் சூடு இதை என்ன செய்துவிடும்? "சூடுபண்ணித்தான் கொடுத்தோம்" என்று யாராவது சொன்னால், அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். சமைத்ததும் எங்கே, எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள்.

பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் 2008இல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், 5 நாள் வெளியில் இருந்த ஸ்பகெட்டியைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை படுக்கையிலேயே இறந்து கிடந்தார். அதிலும் இதே பாக்டீரியாதான் பிடிபட்டது. அதைப் படித்த பிறகு என் மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வேறெங்கோ சாப்பிட்டிருப்பீர்கள் என்றும் கடையில் சொன்னார்கள். இந்த நஞ்சு அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தியில் கொண்டுபோய் விடும். சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கு நாள்கணக்கில்கூட ஆகலாம். அதனால் சாப்பிட்ட நேரம், வாந்தி தொடங்கிய நேரம், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதை அப்போதே எழுதி வையுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடாமல் நன்றாக மூடி, யாரும் தொடாதபடி சீட்டு ஒட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எங்கள் புகாரை அதிகாரிகள் எடுத்துக்கொண்டதற்கு அந்த டப்பாவும் ரசீதும்தான் காரணம்.

முறைப்படி சமைக்கிற கடை சூடான சாப்பாட்டை 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்கும். மிச்சத்தை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்கும். செலவே இல்லாத வேலை இது, அதைக்கூடச் செய்யாமல் மூன்று பேரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

உங்களுக்கு இப்படி ஆனால் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள், நஞ்சின் மேல் அது வேலை செய்யாது. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண் மஞ்சளானாலோ, ஆள் சோர்ந்து மயக்கமாகக் கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது கடையிலிருந்து ஆள் அனுப்பி, பணத்தைத் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதிகாரிகள் அந்தச் சமையலறைக்குள் போய்ப் பார்க்கட்டும்.