வில்டெயா, ஹட் வில்லனா? நடக்காமல் போன ஆசையை டச்சில் சொல்வது

நண்பர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போக முடியவில்லை. மறுநாள் டச்சில் ஒரு வரி அனுப்ப வேண்டும்: வர ரொம்ப ஆசைப்பட்டேன், முடியாமல் போச்சு. இதற்கு நாலு வழி இருக்கிறது, நாலும் ஒன்றல்ல.

முதலில் வாயில் வருவது 'இக் வில்டெ கோமன்' (இக் என்றால் நான், கோமன் என்றால் வர; வில்டெ, 'விரும்பு' என்ற பொருளுள்ள 'வில்லன்' வினையின் இறந்தகாலம்). பேச்சில் வில்டெ, 'வௌ' ஆகும். பிழையில்லை. ஆனால் நம்முடைய 'வர நினைத்தேன்' மாதிரிதான். நினைத்தாய் சரி, வந்தாயா? பதில் வாக்கியத்துக்குள் இல்லை. 'மார்', அதாவது 'ஆனால்', போட்டுக் காரணத்தைத் தொடர வேண்டும். போதாக்குறைக்கு, 'இக் வில்டெ ஊ ஈட்ஸ் ஃப்ராஹன்' என்பவர் நேற்றைய ஆசையைச் சொல்லவில்லை. இப்போதே உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறார், பணிவுக்காக இறந்தகாலம்.

'இக் ஹட் க்ராஹ் வில்லன் கோமன்' அப்படியில்லை (க்ராஹ் என்றால் ஆசையாக, ஹட் ஒரு துணைவினை). ஹட் விழுந்ததுமே ஆள் வரவில்லை என்று புரிந்துவிடும். (வில்லன் என்று எழுதினாலும் பேச்சில் கடைசி 'ன்' பெரும்பாலும் காணாமல் போகும்: 'வில்லெ'.) நாம் வழுக்குவது இங்கேதான். ஹட் வந்தால் அடுத்தது வில்லனின் எச்ச வடிவம் 'ஹெவில்ட்' என்றுதானே பாடம்? பின்னால் இன்னொரு வினை வந்தால் அது செல்லாது. 'ஹட் ஹெவில்ட் கோமன்' தப்பு, இரண்டு வினையும் மூல வடிவத்திலேயே நிற்க வேண்டும்.

'இக் வாஸ் க்ராஹ் ஹெகோமன்' சின்னது, இதமானது, வில்லனே வேண்டாம் (ஹெகோமன், கோமனின் எச்ச வடிவம்; வாஸ், ஹட் போல இன்னொரு துணைவினை). ஆனால் எந்த வினைக்கு வாஸ், எதற்கு ஹட் என்று மனப்பாடமாக இருக்க வேண்டும். வில்லன் சேர்த்தால் அந்தத் தலைவலி இல்லை, ஹட் போதும். புதிதாகக் கற்பவருக்கு அதனாலேயே என் ஓட்டு இரண்டாவதற்கு. 'ஸௌ க்ராஹ் ஹெகோமன் ஸைன்' என்பதும் உண்டு. 'விடுமுறை கிடைத்திருந்தால்' மாதிரி ஒரு நிபந்தனை கூட வரும்போது பொருந்தும்.

தமிழர் உஷாராக வேண்டிய இடம் வேறு. 'அவன் வந்திருக்கலாம்' என்றால் வராததற்கு வருத்தமா, வந்தானோ என்ற ஊகமா? தமிழில் குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். டச்சில் இரண்டும் தனித்தனி: வருத்தத்துக்கு 'ஹை ஹட் குன்னன் கோமன்', ஊகத்துக்கு 'ஹை கன் ஹெகோமன் ஸைன்'. 'வந்திருக்க வேண்டும்' என்பதும் இப்படியே பிரியும்: கடமை தவறினால் 'ஹட் மூட்டன் கோமன்', ஊகமென்றால் 'மூட் ஹெகோமன் ஸைன்'. மாற்றிச் சொன்னால் சந்தேகம் குற்றச்சாட்டாகிவிடும்.

சரி, இரண்டாவதையே அனுப்பினேன். கேக் பாதி மிச்சம் என்று பதில் வந்தது. அதற்கு இக், வில்லன் எதுவும் முன்னால் வராது, ஹட்தான் முதலில்: 'ஹட் இக் டட் மார் ஹெவேட்டன்!' தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இந்த மார் 'ஆனால்' இல்லை, வெறும் பெருமூச்சு.