பிரிக்பீல்ட்ஸில் நேர்முகப் பயிற்சி: மலேசிய நாடாளுமன்ற நிர்வாகப் பதவிக்கு ஆசைப்படுபவர்களுக்கு

மூன்று அமர்வு, சுயவிவரம் எழுதித் தருவதோடு சேர்த்து 900 வெள்ளி கட்டினேன். பயிற்சிக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை, சுயவிவரத்துக்குக் கொடுத்தது வீண். குறையும் சொல்லப்போவதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடி. மின்தூக்கி கிடையாது, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் அரசாங்க நிர்வாகத்தில் 22 வருடமாக இருக்கிறேன், மூன்று அமைச்சு பார்த்தாகிவிட்டது. நாடாளுமன்றம் தன் ஊழியர்களைத் தானே நியமிக்க வழிவிடும் நாடாளுமன்றச் சேவைச் சட்டத்தை 2025-இல் இரண்டு அவையும் நிறைவேற்றியதுமே, நாடாளுமன்றத் தலைமை நிர்வாகி பதவி மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. 1963-இல் போட்ட பழைய சட்டத்தை 1992-இல் ரத்து செய்த பிறகு, பொதுச்சேவையிலிருந்து மாற்றலாகிப் போகிறவர்கள்தான் அங்கே வேலை பார்த்தார்கள். அப்படிப் போன ஒருவர் அவையின் நடைமுறையைக் கற்றுக்கொண்டு நிமிர்வதற்குள் அடுத்த மாற்றல் கடிதம் வந்து நிற்கும். நாடாளுமன்றமே தன் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தால் தயாராக இருக்க வேண்டும் என்றுதான் போனேன்.

பயிற்சி கொடுக்கிற ஐயா ஓய்வுபெற்ற அதிகாரி. முதல் நாள் பேனாவைக்கூட எடுக்கவிடவில்லை. "சொல்லுங்கம்மா, மக்களவைச் செயலாளரும் நாடாளுமன்றத் தலைமை நிர்வாகியும் ஒரே ஆளா?" என்று கேட்டார். 22 வருட அனுபவத்தோடு நான் தடுமாறினேன். அரசமைப்புச் சட்டத்தில் 65-வது பிரிவைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஒவ்வோர் அவைக்கும் ஒரு செயலாளர், இருவரையும் நியமிப்பவர் மாமன்னர், அவை விதிகளும் நடவடிக்கையும்தான் அவர்கள் பொறுப்பு. தலைமை நிர்வாகி கையில் இருப்பது வேறு: பணம், ஆட்கள், கட்டடம், பாதுகாப்பு, சாப்பாடு. 2007-இல் நாடாளுமன்றத்துக்குள் மழைநீர் ஒழுகியது ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி நாளில் எல்லாரும் தேடுகிற ஆள் அவர்.

அப்புறம் ஒரு மணி நேரம் லண்டன் கதை. எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். 2014-இல் அங்கே இந்த இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்த மக்களவைச் செயலாளர் ராபர்ட் ரோஜர்ஸ் ஓய்வுபெற்றபோது, தேர்வுக் குழு ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் நிர்வாகத் துறைக்குத் தலைவராக இருந்த கரோல் மில்ஸைத் தேர்ந்தெடுத்தது. நிர்வாகம் தெரிந்தவர்தான், ஆனால் அவை விதியில் ஆழமான அனுபவம் இல்லாதவரை இந்த நாற்காலியில் உட்கார வைக்கலாமா என்று உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். சபாநாயகர் ஜான் பெர்கோ நியமனத்தை நிறுத்திவைத்தார், ஜாக் ஸ்ட்ரா தலைமையில் குழு போட்டார்கள், அந்தக் குழு வேலையையே இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. மறு வருடம் அவை விதிக்கு டேவிட் நாட்ஸ்லர், நிர்வாகத்துக்குப் பயணத் துறையிலிருந்து வந்த இயன் ஏல்ஸ். இதைச் சொல்லிவிட்டு ஐயா, "நீங்கள் இதில் எந்தப் பாதி?" என்று கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்பதையே முடிவு செய்யாமல் தேர்வு நடத்தினால், தேர்வானவர்தான் அடிபடுகிறார். கரோல் மில்ஸ் அம்மாவை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இரண்டாம் அமர்வில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள், வந்தது இரண்டு பேர். மூன்றாவது ஆளுக்காக அரை மணி நேரம் காத்திருந்ததையும் என் நேரத்திலேயே கழித்துவிட்டார்கள், அது சரியில்லை. ஆனால் கேள்விகள் கூர்மையாக இருந்தன. பதவி உயர்வுக்கு ஒருவரை உயர்ந்த இடத்திலிருந்து சிபாரிசு செய்கிறார்கள், அவர் தகுதிப் பட்டியலில் ஏழாவது, என்ன செய்வீர்கள்? "பரிசீலிக்கிறேன்" என்றேன். ஐயா கையிலிருந்த தேநீர் குவளையைக் கீழே வைத்தார், ஒன்றும் பேசவில்லை, நானாகவே வேறு பதில் தேடும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலைக் காட்டி, காரணத்தை எழுத்தில் கொடுத்து, முடியாது என்று மரியாதையாகச் சொல்வேன் என்றபோதுதான் தலையை ஆட்டினார். மக்களவையில் 222 பேர், மேலவையில் 70 பேர், ஆளுங்கட்சிக்காரருக்கு எவ்வளவு வேகமாகக் கோப்பு நகர்கிறதோ அதே வேகம் எதிர்க்கட்சிக்காரருக்கும் நகர வேண்டும், அமைச்சில் பழகிய கை அதை மறந்துவிடும் என்றார். என்னைப் பற்றித்தான் சொன்னார், நியாயம்தான்.

மூன்றாம் அமர்வு சுமார். குரல், உட்காரும் விதம், உடை, இதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது.

சுயவிவரம்தான் பெரிய ஏமாற்றம். அதை ஐயா எழுதுவதில்லை, அலுவலகத்தில் இருக்கிற தம்பி ஒருவர் வங்கிக்காரர்களுக்குப் போடுகிற அச்சிலேயே என்னையும் வார்த்துவிட்டார். வருவாயை உயர்த்தினேனாம், சந்தையை விரிவாக்கினேனாம்! நான் விண்ணப்பிக்கும் பதவிக்கு மலாயில் 'கெத்துவா பெந்தட்பிர்' என்று பெயர், அவர் போட்டிருந்தது 'கெத்துவா பெகாவாய் எக்செகுத்திஃப்', அதாவது கம்பெனி நடத்துகிறவர். நாடாளுமன்றத்துக்கு லாபக் கணக்கு கிடையாது தம்பி என்று எடுத்துச் சொன்னேன். திருத்தித் தர இன்னும் 150 வெள்ளி கேட்டார். கொடுக்காமல் வீட்டில் உட்கார்ந்து நானே எழுதினேன், இரண்டு இரவு ஆனது. கொள்முதல் டெண்டரில் வந்த தணிக்கைக் கேள்விகளை எப்படிச் சமாளித்தேன், பிரிந்து கிடந்த இரண்டு பிரிவுகளை ஒரே கூரைக்குக் கீழ் எப்படிக் கொண்டுவந்தேன் என்று எழுதினேன். ஐயாவிடம் காட்டினேன், இரண்டு வரியை மட்டும் அடித்துவிட்டு இதுதான் வேண்டும் என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

போகிறவர்கள் பயிற்சிக்கு மட்டும் பணம் கட்டுங்கள், தனியாக 600 வெள்ளிதான், கேட்டால்தான் சொல்வார்கள். புதன் மாலை நேரத்தைக் கேளுங்கள், அன்று கூட்டம் குறைவு, ஐயா ஒன்பது மணியானாலும் எழுந்திருக்க மாட்டார். காரில் போகாதீர்கள், கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம்.