மினிமெட் 780ஜி: ராத்திரிக்கு நூற்றுக்கு நூறு, பரோட்டாவுக்கு பாஸ் மார்க்

இன்சுலின் பம்ப் வாங்கலாமா என்று தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பு தானே இன்சுலின் சுரக்காத வகை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஊசி, பிறகு இன்சுலின் பேனா, இப்போது மெட்ரானிக் கம்பெனியின் மினிமெட் 780ஜி பம்ப்.

இடுப்பில் கிளிப் போட்டு மாட்டுகிற சின்னப் பெட்டி. உள்ளே 300 யூனிட் இன்சுலின் பிடிக்கிற ரிசர்வாயர், அதிலிருந்து மெல்லிய ட்யூப், வயிற்றில் தோலுக்கடியில் போகிற குட்டிக் குழாயான ஒரு கேனுலா. தனியாக ஒரு சென்ஸார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அனுப்பும். அதைப் பார்த்து பம்ப், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற பேசல் இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். அதுவும் போதவில்லை என்றால், ஏறிய சர்க்கரையை இறக்கக் கூடுதல் டோஸாக, தானே கரெக்‌ஷன் போலஸ் போடும். சர்க்கரை இலக்கு 100, 110, 120 மூன்றில் ஒன்றை டாக்டர் வைத்துக் கொடுப்பார்.

இந்த இடத்துக்கு வந்து சேரப் பல வருடம் ஆனது. தானே நிறுத்துகிற பம்ப்புகளில் முதலில் வந்தவை சர்க்கரை இறங்கிய பிறகு இன்சுலினை நிறுத்தின. அடுத்து வந்தவை, இறங்கப் போகிறது என்று முன்கூட்டியே கணித்து நிறுத்தின. பேசலைத் தானே கூட்டிக் குறைக்கிற, இதே கம்பெனியின் முந்தைய மாடலான 670ஜி-க்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது 2016 செப்டம்பரில். அதற்கு முன்பே டானா லூயிஸ் என்ற அமெரிக்கப் பெண், அவரும் டைப் 1, பம்ப்பையும் சென்ஸாரையும் ஒரு குட்டி கம்ப்யூட்டரோடு கோத்துத் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். தூக்கத்தில் அலாரம் காதில் விழவில்லை என்பதில் தொடங்கிய வேலை அது. 2015இல் அதை ஓபன்ஏ.பி.எஸ். என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். கம்பெனிகளை ஒரு நோயாளி முந்திவிட்டதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். இந்த பம்ப்புக்குக் கொடுத்த காசு ராத்திரிக்கே சரியாகிவிட்டது. பேனா காலத்தில் சர்க்கரை 140 பார்த்துவிட்டுப் படுப்பேன், விடியற்காலையில் பனியன் தொப்பலாக நனைந்து, கை நடுங்க, இருட்டில் குளுக்கோஸ் டப்பாவைத் தேடுவேன். அதற்குப் பயந்தே படுக்கும் முன் இரண்டு பிஸ்கட் அதிகம் போட்டுக்கொண்டு, காலையில் 240இல் எழுந்திருப்பேன். இப்போது ராத்திரி கிராஃப் சமதரையாகப் போகிறது. பல நாள் காலையில் 105, 110. அம்மாவின் ஃபோனிலும் என் அளவு தெரிகிற மாதிரி ஆப் போட்டுக் கொடுத்தேன். முன்பு ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். இப்போது அது இல்லை. பதிலுக்குப் பகலில், வியாபாரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஃபோன் வரும்: "ஏன் கண்ணு, எழுபத்தெட்டுன்னு காட்டுதே, ஏதாச்சும் சாப்பிட்டியா?"

ஆனால் சாப்பாட்டுக்கு வந்தால் கதை வேறு. தட்டில் என்ன விழுகிறது என்று பம்ப்புக்குத் தெரியாது. எத்தனை கிராம் மாவுச்சத்து என்று நாம்தான் கணக்குப் போட்டு, சாப்பிடுவதற்கு 10, 15 நிமிடம் முன்பே சொல்ல வேண்டும். தோலுக்கடியில் போகிற இன்சுலின் வேலையைத் தொடங்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும், உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இட்லி அதற்குள் ரத்தத்துக்கு வந்துவிடும். சாயங்காலம் வண்டிக்கடையில் தட்டுவடை செட் இரண்டு வாங்கினால், என் கணக்கில் 25 கிராம் என்று போடுவேன், பெரும்பாலும் சரியாக வரும். நடுவில் வைக்கிற பீட்ரூட், கேரட் துருவலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சோதிப்பது பரோட்டாதான். எண்ணெய் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரம் சாதுவாக இருந்துவிட்டு, பதினோரு மணிக்கு மேல் ஏற ஆரம்பிக்கும். அங்கே பம்ப் கரெக்‌ஷனை மேலே மேலே போட்டு எப்படியோ விடிவதற்குள் இழுத்துப் பிடித்துவிடுகிறது. பேனாவாக இருந்தால் மறுநாள் காலை வரை 280இல் நின்றிருக்கும். மே மாதத்து மல்கோவாவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நூறு கிராம் பழத்துக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை என்று தெரியும், ஆனால் நூறு கிராமோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை.

பட்டறைக்காரனாக ஒரு விஷயம். பம்ப்பில் இருக்கிற இன்சுலின் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. பற்றவைக்கிற டார்ச்சுக்கு எதிரில், சேலத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்கிறவனுக்கு இது சும்மா இல்லை. பெட்டியை முதுகுப் பக்கம் திருப்பி மாட்டிக்கொள்கிறேன், வெள்ளி உருக்குகிற வேலை இருக்கிற நாளில் அடுப்புப் பக்கம் பையன்களை விடுகிறேன்.

ஏற்காட்டுக்கு இது அருமை. நடப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, அதாவது அடிவாரத்தில் டீ குடிக்கும்போதே, தற்காலிக இலக்கு 150 என்று வைத்துவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பகோடா பாயிண்ட் வரை நடந்து திரும்பினாலும் சர்க்கரை லோ ஆவதில்லை. முன்பு சட்டைப்பை நிறைய கடலை மிட்டாயோடு போவேன். ஒன்று: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை அப்படியே ரிசர்வாயரில் நிரப்பாதீர்கள், குமிழி வரும். மலையில் காற்றழுத்தம் குறைவு, குமிழி இன்னும் பெரிதாகும். ட்யூபைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு. எந்த பம்ப்பாக இருந்தாலும் உள்ளே போவது வேகமாக வேலை செய்கிற இன்சுலின் மட்டும்தான், நீண்ட நேரம் நிற்கிறது எதுவும் உடம்பில் இல்லை. கேனுலா மடங்கினால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கும், அதாவது இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேர்கிற அமிலம். சர்க்கரை காரணமில்லாமல் 250ஐத் தாண்டி, கரெக்‌ஷன் போட்டும் இறங்கவில்லை என்றால் யோசிக்காதீர்கள்: விரலில் குத்திப் பாருங்கள், பேனாவால் ஊசி போடுங்கள், உடம்பில் புது இடத்தில் கேனுலா மாற்றுங்கள். பேனா எப்போதும் பையில் இருக்க வேண்டும். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எதுவானாலும் பம்ப்பையும் சென்ஸாரையும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

காசு. பம்ப்பின் விலையைக் கேட்டுத்தான் எல்லோரும் மலைக்கிறார்கள். அது ஒருமுறை, நகையை வைத்தாவது புரட்டிவிடலாம். ஆளை உருக்குவது மாதச் செலவு. வாரத்துக்கு ஒரு சென்ஸார், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கேனுலா செட், ரிசர்வாயர், அதற்கு மேல் இன்சுலின். என் பட்டறையில் ஒரு ஆள் சம்பளத்தை இதற்கென்று எடுத்து வைக்கிறேன். அது முடியாத வீட்டில் பம்ப் வாங்கி பீரோவில் வைப்பதைவிட, முதலில் சென்ஸார் மட்டும் ஒட்டிப் பேனாவோடு சில மாதம் ஓட்டிப் பாருங்கள். மாவுச்சத்துக் கணக்கும் அதற்குள் கைக்கு வந்துவிடும்.

வாங்குவதானால் சென்ஸார் பெட்டியில் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு விற்பனையாளர் எனக்கு அடுத்த மாதமே முடிகிற பெட்டியைத் தள்ளிவிட்டு, கேட்டதற்கு "எல்லாம் ஓடும் சார்" என்றார். கோடையில் கூரியரில் வருகிற பெட்டி எங்கே, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்றும் கேளுங்கள். பம்ப்பை வாங்கும் முன்பே, பழுதானால் மாற்று பம்ப் எத்தனை நாளில் சேலத்துக்கு வந்து சேரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.