எட்டு பார் லூப்பை ஆறு நிமிட ட்ராக்காக்க ஏபிள்டன் லைவ் 12 எவ்வளவு உதவுகிறது?

ஏபிள்டன் லைவ் என்ற இசை சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களின் கம்ப்யூட்டரில் அரைகுறை லூப்கள் குவிந்து கிடப்பது சகஜம். கிக், பேஸ், கார்ட், ஒரு லீட் என எட்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) அருமையாக ஓடும். அதற்கு மேல் நகராது. பலரும் லூப்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி ஓடவிடும் செஷன் வியூவின் மேல் பழி போடுகிறார்கள். அதில் பாதி நியாயம்தான். 2001-ல் பெர்லினிலிருந்து வந்த முதல் பதிப்பே மேடையில் லூப்களை ஓடவிட்டு வாசிப்பதற்காக உருவானது. ஆனால் அந்தத் தேக்கத்தை உடைக்கும் வழியும் இதே சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது: செஷனில் வாசிப்பதை அப்படியே அரேஞ்ச்மெண்டில், அதாவது நேரக்கோட்டில், பதிவு செய்வது. இதற்காகவே லைவை வாங்கலாம்.

முதலில் கணக்கு. 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) எட்டு பார் என்பது சரியாக 15 விநாடி, 32 பார் ஒரு நிமிடம். ஆறு நிமிட ட்ராக்குக்கு 192 பார், அதாவது 32 பார் ஓடும் ஆறு சீன் போதும். சீன் என்பது ஒன்றாக ஓடும் கிளிப்களின் (லூப் துண்டுகளின்) ஒரு வரிசை. எல்லா கிளிப்பும் உள்ள முழு சீனை முதலில் செய்துவிட்டு, கன்ட்ரோல்+டி அழுத்தி ஐந்து நகல் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் கிளிப்களை நீக்கிக்கொண்டே வாருங்கள். இன்ட்ரோவுக்கு கிக்கும் ஹேட்டும், அடுத்ததில் பேஸ், மூன்றாவதில் முதல் டிராப் (பீட் முழு வேகத்தில் பாயும் இடம்), நான்காவது கிக் இல்லாத பிரேக்டவுன், ஐந்தாவது முழு டிராப், கடைசியில் டிஜே அடுத்த பாட்டைக் கலக்க இடம் விடும் அவுட்ரோ. புதிதாகச் சேர்ப்பதைவிட இருப்பதை எடுப்பதில்தான் ட்ராக் வேகமாக உருவாகும்.

காலி ஸ்லாட்டில் ஒரு சின்ன ஸ்டாப் சதுரம் இருக்கும். சீன் மாறும்போது அந்தக் கருவியின் ட்ராக் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கிளிப் தொடர வேண்டுமென்றால் கன்ட்ரோல்+ஈ அழுத்தி சதுரத்தை எடுத்துவிட வேண்டும். இது தெரியாமல்தான் பலருக்கு நடுவில் பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) காணாமல் போகிறது.

லாஞ்ச் குவான்டைசேஷனை எட்டு பாருக்கு மாற்றினால், எப்போது அழுத்தினாலும் மாற்றம் எட்டு பார் எல்லையில்தான் விழும். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, பிறகு முதல் சீனை ஓடவிடுங்கள். ஷிப்ட் இல்லாமல் அழுத்தினால் ரெக்கார்டிங் உடனே தொடங்கிவிடும், சீன் எட்டு பார் காத்திருக்கும், ட்ராக்கின் தலையில் வெறும் மௌனம் பதிவாகும். நேரம் பார்த்து அழுத்துவதே வேண்டாமென்றால், சீன் தானாக அடுத்ததற்கு மாற, லைவ் 11-ல் வந்த சீன் ஃபாலோ ஆக்ஷனில் 32 பார், அடுத்தது எனக் கொடுத்துவிடலாம்.

ரெக்கார்டிங்கை நிறுத்தி டேப் தட்டினால் அரேஞ்ச்மெண்டில் எல்லாம் மங்கலாகத் தெரியும். வேலை அழிந்துவிடவில்லை. ட்ராக்குகள் இன்னும் செஷன் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். மேலே எரியும் 'பேக் டு அரேஞ்ச்மெண்ட்' பட்டனை அழுத்தினால் திரும்பிவிடும். இவ்வளவு முக்கியமான பட்டனை இவ்வளவு சிறிதாக வைத்திருப்பது இந்த சாஃப்ட்வேரின் பெரிய குறை.

பதிவானது எலும்புக்கூடு. மீதி வேலை ஆட்டோமேஷனில், அதாவது அமைப்புகள் நேரத்துக்கேற்பத் தானாக மாறும்படி கோடு வரைவதில். டிரம்ஸையும் பேஸையும் ஒரே குரூப்பில் போட்டு, ஆட்டோ ஃபில்டரை ஹை-பாஸில் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் நிலை) வைத்து, டிராப்புக்கு முந்தைய எட்டு பாரில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 250 வரை ஏற்றுங்கள். டிராப் 129-வது பாரில் என்றால், 250-க்கான புள்ளியும் 30-க்கான புள்ளியும் ஒரே இடத்தில், கோடு செங்குத்தாக இறங்கும்படி இருக்க வேண்டும். கோடு ஒரு பீட் தூரம் சரிந்தாலும் முதல் கிக்கில் அடி இருக்காது. தளத்தில் ஆடுபவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். பிரேக்டவுனின் ரெவெர்ப் (எதிரொலி) செண்டையும் அரை பார் முன்பே மூடிவிடுங்கள், இல்லையென்றால் அதன் வால் கிக்கை மூடும்.

வெளியிலிருந்து கொண்டுவந்த லூப்பின் டெம்போவை, அதை ட்ராக்கின் வேகத்துக்குப் பொருத்தும் ஆட்டோ-வார்ப் தவறாக ஊகிப்பதுண்டு. நீங்களே பார்த்துத் திருத்துங்கள். டிரம் லூப்புக்கு வார்ப்பின் பீட்ஸ் மோடுதான் சரி. காம்ப்ளெக்ஸில் வைத்தால் அடியின் கூர்மை மழுங்கும்.

ஒரு பகுதியை அப்படியே பிடித்து இழுத்து இடம் மாற்றும் அரேஞ்சர் வசதி ஸ்டூடியோ ஒன் என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் உண்டு, இங்கே இல்லை. லொகேட்டர் வெறும் அடையாளம். கட் டைம், பேஸ்ட் டைம் என்று சுற்றித்தான் போக வேண்டும். அரேஞ்ச்மெண்ட் வியூவிலேயே மிக்சரைக் காட்டுவது பன்னிரண்டில் கிடைத்த நல்ல மாற்றம். முன்பு இதற்காக டேப்பைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

எக்ஸ்போர்ட் செய்யுமுன் கடைசி கிளிப்புக்குப் பின் நான்கு பார் விட்டு, முழு நீளத்தையும் தேர்ந்தெடுங்கள். தெரியாமல் எட்டு பார் மட்டும் தேர்வில் இருந்தால் அதுதான் ஃபைலாக வரும். 24 பிட் வேவ், நார்மலைஸ் (ஒலி அளவைத் தானாக உயர்த்துவது) ஆஃப்.

எதை வாங்குவது? லைவ் இன்ட்ரோ, ஸ்டாண்டர்ட், சூட் என மூன்று பதிப்புகளில் வருகிறது. இன்ட்ரோ பதிப்பில் 16 ட்ராக், 16 சீன், இரண்டு ரிட்டர்ன் (பொது எஃபெக்ட் ட்ராக்). கிக், கிளாப், இரண்டு ஹேட், பெர்கஷன், இரண்டு பேஸ், கார்ட், லீட், ரைசர் என்று போனாலே இடம் தீரத் தொடங்கும். லூப்பை முடிக்கத் தேவையான சின்னச் சின்ன எஃபெக்ட்களுக்கு இடமிருக்காது. ஸ்டாண்டர்ட்தான் சரியான தேர்வு. சூட்டில் கருவிகளும், சொந்தக் கருவிகளை உருவாக்க உதவும் மேக்ஸ் ஃபார் லைவும் கூடுதல். அரேஞ்ச் செய்யும் வேலையில் பெரிய வித்தியாசமில்லை. சூட்டின் 30 நாள் இலவச ட்ரையலில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு லூப்பை எடுத்து முடித்துப் பாருங்கள், அதன் பிறகு பணம் கட்டுங்கள்.