ஜாஸ் சோலோ பயிற்சி: நெடுநாள் கையாண்ட முறைகளைப் பற்றி

சேலத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிக்கும் நான், பக்கத்தில் ஜாஸ் ஆசிரியர் எவரும் அமையாத நிலையில், ஜாஸ் சோலோவை, அதாவது பாடலின் கார்டு வரிசைமேல் மனோதர்மமாகத் தனித்து வாசிப்பதை, பல ஆண்டுகளாகப் புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் வைத்துக்கொண்டே பயின்று வருகிறேன். ஒவ்வொரு கார்டுக்கும் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டம்) உரிய ஸ்கேலை (சுரவரிசையை) மனப்பாடம் செய்யும் முறைதான் எல்லாருக்கும் முதலில் கிடைப்பது. இந்த ஸ்கேல்களில் டோரியன் என்பது நம் கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன் அரிகாம்போதி என்பதால், கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது விரைவில் கைவந்துவிடும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவுசெய்த 'ஸோ வாட்' 16 பார் (தாளச் சுற்று) டி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட டோரியனிலும், அடுத்த 8 பார் அரைச்சுரம் மேலே ஈ ஃபிளாட் டோரியனிலும், மீண்டும் 8 பார் டி டோரியனிலும் அமைந்தது. அத்தகைய பாடலுக்கு இம்முறை போதும். கார்டுகள் அடுத்தடுத்து மாறும் பாடலிலோ, தவறான சுரம் ஒன்றும் விழாது, ஆனால் கார்டு மாறுகிறது என்பது காதுக்குத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்த்தது, கார்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் பின்தொடரும் கைடு டோன் பயிற்சி. டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற வரிசையில், முதல் கார்டின் ஏழாம் சுரமான சி அரைச்சுரம் இறங்கி, ஜி 7-இன் மூன்றாம் சுரமான பி ஆகிறது. முதல் கார்டில் மூன்றாம் சுரமாக இருந்த எஃப், அசையாமலே ஜி 7-இன் ஏழாம் சுரமாகி, பிறகு ஈ-க்கு இறங்குகிறது. அசையாத சட்ஜத்தை வைத்தே எல்லாச் சுரத்தையும் அளந்து பழகிய காதுக்கு, நின்ற இடத்திலேயே ஒரு சுரம் தன் உறவை மாற்றிக்கொள்வது பிடிபட நாளாகும். வாத்தியத்தைத் தொடுமுன் இந்தக் கைடு டோன் சுரக்கோடுகளை வாயால் பாடிப் பழகுவதே நல்லது.

சோலோக்களைக் கேட்டுப் பிரதியெடுப்பதற்கு மாற்று இல்லை. சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1937 கோடையில், மற்றொரு சாக்ஸஃபோன் கலைஞரான லெஸ்டர் யங்கின் சோலோக்களை இசைத்தட்டிலிருந்து கேட்டுத்தான் பாடமாக்கினார். முழு சோலோவையும் எழுதி முடிப்பதைக் காட்டிலும், 4 பாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பாடி, வாசித்து, 12 சுருதிகளுக்கும் மாற்றுவதே எனக்குப் பயன்பட்டது. ஒரு தட்டின் இரு பாதிகளை ஒன்று நீளமாகவும் மற்றது குறுக்கமாகவும் வாசிக்கும் ஸ்விங் நடையை எந்தக் குறியீடும் முழுமையாகக் காட்டாது. வேகம் கூடக்கூட அதன் நீள்குறுக்கம் சமன்படும் என்பது கேட்டால்தான் விளங்கும். தட்டுகளை ஒலித்துக் காட்டும் மெட்ரோனோமை 2, 4 ஆம் தட்டுகளில் மட்டும் ஒலிப்பதாகக் கொண்டு வாசிப்பது இதற்குத் துணை. (எங்கள் தெருவில் விசைத்தறி ஓடும் நேரத்தில் மெட்ரோனோமுக்கு வேலையில்லை.)

ஜாஸ் ஆசிரியர் ஜேமி ஏபர்சோல்ட் 1967-இல் தொடங்கிய வரிசை முதல் இன்றைய செயலிகள் வரை, சோலோவுக்குப் பக்கவாத்தியமாக ஒலிக்கும் பதிவுகளான பேக்கிங் ட்ராக்குகள் வசதியானவைதாம். ஆனால் அவை நாம் வாசிப்பதைக் கேட்பதில்லை. ஏற்காட்டில் பேஸ் வாசிக்கும் நண்பரோடு உட்காரும்போது, நான் இடைவெளி விட்டால் அவர் அதை நிரப்புகிறார், நான் அடர்த்தியாக வாசித்தால் அவர் ஒதுங்குகிறார்; இந்தப் பழக்கத்தை ட்ராக்கால் தர இயலாது.

'ஐ காட் ரிதம்' பாடலின் கார்டு வரிசையிலிருந்து வந்த 'ரிதம் சேஞ்சஸ்' வடிவம், பி ஃபிளாட்டில், அதிவேகத்தில், இன்னும் எனக்கு வசப்படவில்லை. அதன் நடுப்பகுதியில் டி 7, ஜி 7, சி 7, எஃப் 7 இரண்டிரண்டு பாராக வருகின்றன; எஃப் ஷார்ப், எஃப், ஈ, ஈ ஃபிளாட் என இறங்கும் ஒற்றைக் கைடு டோன் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு இப்போது அதைக் கடந்து வருகிறேன்.