மொட்டைமாடி அக்ரிலிக் நீர்த்தடுப்புப் பூச்சு: பல மழைக்காலங்களுக்குப் பிந்தைய மதிப்பீடு

சென்னையின் தென்புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் மொட்டைமாடிக்கு 2018ஆம் ஆண்டுக் கோடையில் வெள்ளை நிற அக்ரிலிக் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தோம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்கும் பழைய முறையில் கட்டப்படாத, வெறும் சிமெண்ட் பூச்சுடன் விடப்பட்ட தளம் அது. நவம்பர் மாதம் மட்டும் 100 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய 2021ஆம் ஆண்டையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் அந்தப் பூச்சு கண்டுவிட்டது. இத்தனை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் கருத்து இதுதான்: தண்ணீர் ஓடிவிடும் இடத்தில் இந்தப் பூச்சு நன்றாக உழைக்கிறது, தண்ணீர் தேங்கும் இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் உழைப்பதில்லை.

பூசும் வேலை கடினமானதன்று. பாசியையும் தூசியையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தளத்தை நன்றாகக் காயவிட்டு, விரிசல்களை நிரப்பி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைகளில் கண்ணாடியிழை வலையை ஒட்டிய பிறகு, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோட் அடிக்க வேண்டும். உச்சிவெயிலில் அடித்தால் மேற்பரப்பு மட்டும் விரைவாகக் காய்ந்து அடியில் ஈரம் சிக்கிக்கொள்ளும் என்பதால், மாலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. தளத்தின் நடுப்பகுதியில் பூச்சு சற்றே மெலிந்திருந்தாலும் பிடிப்பு குறையவில்லை. ஆனால், வடிகுழாய் வாய்க்குச் சற்று முன்பாக, வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியில்லாமல் பள்ளமாக இருந்த பகுதியில், இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கையால் உரிக்கும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது. அக்ரிலிக் வகைப் பூச்சுகள் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினால் இளகும் இயல்புடையவை. பத்தாண்டு உத்தரவாதம் என்று விற்பனையாளர் சொன்ன வாக்கு தேங்கும் நீருக்குப் பொருந்தாது என்பது டப்பாவில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. ஆகவே மறுபடியும் அதே இடத்தில் பூசுவதை விட்டு, மழை நின்ற மறுநாள் தண்ணீர் தேங்கி நிற்கும் எல்லையைச் சாக்பீஸால் கோடிட்டுக் குறித்து, வெயில் காலத்தில் அந்தப் பகுதியைக் கொத்தி, 100 அடிக்கு ஓரடி இறங்கும் வாட்டத்துடன் கொத்தனாரைக் கொண்டு கலவை போட்டோம். அதன்மேல் அடித்த பூச்சு இன்றுவரை உரியவில்லை. இந்தச் சீரமைப்புக்கு ஆன செலவு, பூச்சுக்கு ஆனதைவிடக் குறைவு.

வெப்பத்தைப் பொறுத்தவரை, முதல் இரண்டு கோடைகளில் மாடிக்குக் கீழுள்ள அறை இரவில் முன்பைவிட விரைவாகக் குளிர்ந்ததை வீட்டில் எல்லோரும் உணர்ந்தோம். பிறகு புழுதியும் பாசியும் படிந்து வெள்ளை சாம்பல் நிறமானதும் அந்தப் பலன் குறைந்தது. பொங்கலுக்குப் பின் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் கழுவினால் ஓரளவு மீள்கிறது, முழுமையாக மீள்வதில்லை. வடகம் காயவைப்பதால் பூச்சுக்குக் கேடில்லை; இரும்பு நாற்காலியை இழுப்பதால்தான் கேடு.

பூச்சு இத்தனை காலம் தாங்கியதற்கு ஆவணி மாதத்தில் நானே செய்யும் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்வது. அதற்கு முன் மாலை வேளைகளில் வரும் இடிமழை, தளத்தின் குறைகளை அதிகச் சேதமில்லாமல் காட்டிவிடுகிறது. வடிகுழாய் வாயில் சருகும், காகம் போட்ட கம்பித் துண்டும், அண்டை வீட்டுப் பிள்ளைகளின் இறகுப்பந்தும் அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரின் மேற்பரப்பில் பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் அரசங்கன்றை நான்கு இலை விடும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். மேலே மட்டும் ஒடித்தால் வேர் உள்ளே தடித்துச் சுவரைப் பிளக்கும். சூரிய வெந்நீர்க் கருவி, டிஷ் ஆண்டெனா ஆகியவற்றின் கால்களுக்காகத் தளத்தில் துளையிட்ட இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், ஏனெனில் எங்கள் வீட்டில் கசிவு முதலில் தோன்றியது அத்தகைய ஓர் ஆணித்துளையில்தான்.

கூரையின் அடியில் கறை கண்டவுடன் மாடியைக் குறை சொல்வது வழக்கம். மழையே இல்லாத வாரத்திலும் கறை பெருகினால், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிறதா, குழாய் இணைப்பு கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சுவரில் ஓதம் இருந்தால், ஒரு பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரோடு இறுக ஒட்டி ஒருநாள் விட்டுப் பார்க்கலாம்: தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்துளி படிந்தால் ஈரம் சுவரின் உள்ளிருந்து வருகிறது, அறையை நோக்கிய பக்கத்தில் படிந்தால் அது காற்றிலுள்ள ஈரப்பதம், அதற்கு நீர்த்தடுப்புப் பூச்சு மருந்தாகாது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் கடைக்காரர்கள் யாரும் சொல்லித்தருவதில்லை.

தமிழகத்தில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியின் கூழாங்கல்லையும் மணலையும் அதே ஆவணிச் சோதனையின்போது அள்ளிக் கழுவிப் போடுகிறேன். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) கருவியில் உள்ள சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் எலெக்ட்ரீஷியனை உடனே அழைக்க வேண்டும்.

வாட்டம் சரியாக உள்ள, உறுதியான தளத்துக்கு இந்தப் பூச்சைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மேல்கோட் அடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டோடு பதித்த மாடிக்கு இது வேண்டியதில்லை. ஓட்டின் இணைப்புகளைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் போதும். கூரையின் அடிப்பூச்சைக் கட்டையால் தட்டும்போது வெற்றொலி கேட்டாலோ, சன்ஷேடின் அடியில் துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, பூச்சு வாங்கும் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். துரு கம்பியைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்து உடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே அடிக்கும் வெள்ளைப் பூச்சால் அதைத் தடுக்க முடியாது.