பழைய டீசல்: எதில் வைப்பது, எந்த எஞ்சினில் எரிப்பது?

மதுரைப் பக்கத்துப் பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பகுதிக்கு ஜூன் மாதத்திலும், அதற்குக் கீழே மேலூர் வட்டாரத்து ஒருபோகப் பகுதிக்குச் செப்டம்பரிலும் தண்ணீர் திறப்பது வழக்கம் என்றாலும், வைகை அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்து அந்தத் தேதி வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில்கூடத் தள்ளிப்போகிறது. தொளி உழவுக்கென்று, அதாவது நடவுக்கு முந்தைய சேற்று உழவுக்கென்று, முன்கூட்டி வாங்கிய டீசல் அதுவரை கொட்டகையில் கிடக்கிறது. கிணற்றுப் பாசனக்காரர்களிடம் அது இன்னும் நீண்ட காலம் கிடக்கும். இலவச மின்சாரம் வந்த பிறகு ஆயில் எஞ்சின் மின்தடைக்கான மாற்று ஏற்பாடாக மட்டுமே நிற்பதால், அதன் டேங்கில் இருப்பது போன வருடத்து எண்ணெயா, அதற்கும் முந்தையதா என்பது உரிமையாளருக்கே நினைவிருப்பதில்லை. டீசல் பெட்ரோலைப் போல ஆவியாகிவிடாது என்பதால் அது கெடவும் செய்யாது என்றொரு நம்பிக்கை நம் ஊர்களில் உண்டு. அதில் முதல் பாதிதான் சரி.

நிழலில், மூடிய கலத்தில், நீர் சேராமல் வைத்த டீசல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் மதுரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள் இருக்கும் பேரலுக்கு அந்தக் கணக்கின் மேல் எல்லையை எதிர்பார்க்க முடியாது. வெப்பம் ஏற ஏற, டீசல் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பிசினாகவும் கசடாகவும் மாறும் வேகமும் கூடுகிறது. ஆயினும் வயதைவிடப் பெரிய எதிரி தண்ணீர்தான். டீசலைவிடக் கனமானது என்பதால் அது அடியில் போய்த் தங்குகிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் அந்த மட்டத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, கறுத்த, வழுவழுப்பான சவ்வாகப் படர்கின்றன. பில்டரை அடைப்பது பெரும்பாலும் இந்தச் சவ்வே. ஆகவே நீர் சேர்ந்த இரண்டு மாத டீசலைவிட, நீர் சேராத பத்து மாத டீசலையே நான் நம்புவேன். பின்வரும் ஒப்பீடு முழுவதும் இந்த அடிப்படையிலேயே அமைகிறது.

முதலில் சேமிப்பு. பெரும்பாலோர் செய்வது, டிராக்டர் டேங்கில் மிஞ்சியதை அப்படியே விட்டுவிடுவது. பாதி காலியான டேங்க் பகலில் சூடேறும்போது காற்றை வெளியே தள்ளுகிறது, இரவில் குளிரும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் டேங்கின் மேல் சுவரில் துளித்து வடிந்து அடியில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது தினசரி நடக்கும். டேங்கை நிரப்பி நிறுத்தினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, ஈரத்துக்கும் இடம் குறைவு. ஆனால் வாய்வரை ஊற்றக் கூடாது: 20 டிகிரி வெப்பம் ஏறினால் 60 லிட்டர் டீசல் ஏறக்குறைய ஒரு லிட்டர் விரியும் என்பதால் அதற்கான இடைவெளி வேண்டும். "காலியா வச்சா துருப்பிடிக்குது, ரொப்பி வச்சா திருட்டுப்போகுது" என்று தோட்டத்தில் வண்டியை நிறுத்துபவர்கள் சொல்வது நியாயமான கவலை. பூட்டுள்ள மூடி ஒன்று அதற்குப் போதுமான பதில்.

அடுத்தது 200 லிட்டர் இரும்புப் பேரல். கனம், உறுதி, வெளிச்சம் புகாமை ஆகியவற்றில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் இதை நிமிர்த்தி வைக்கும் பழக்கம்தான் பெருங்கேடு. விளிம்பு உயர்ந்திருக்கும் பேரலின் தலைப்பகுதியில் மழைநீர் ஒரு விரற்கடை அளவுக்குத் தேங்கி, மூடியைச் சுற்றி நிற்கும். வெயிலில் சூடான பேரல் மழையில் சட்டென்று குளிரும்போது, மூடியின் மரை வழியே அந்த நீரையே உள்ளே உறிஞ்சிவிடுகிறது. மூடி இறுக்கமாகத்தானே இருந்தது என்று உரிமையாளர் வியப்பார். இறுக்கமான மூடியும் காற்றையும் நீரையும் முழுமையாகத் தடுப்பதில்லை. நிறைந்த பேரலைக் கூரைக்குக் கீழே கட்டைகளின் மேல் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், இடமும் வலமுமாக இருக்கும்படி திருப்பிவைத்தால் இரண்டுமே எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். உள்ளிழுக்கும் வழி அடைபடும். பயன்படுத்தத் தொடங்கிய பேரலை நிமிர்த்தித்தான் வைக்க முடியும் என்றால், ஒரு பக்கம் சிறு கட்டை கொடுத்துச் சாய்த்து, அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்படி பம்புக் குழாயை இறக்க வேண்டும். அந்தக் கடைசி ஒரு சாண் எண்ணெய்க்கு ஆசைப்படுபவர்தான் மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கிறார்.

நீல நிற பிளாஸ்டிக் பேரல் துருப்பிடிக்காது, விலையும் குறைவு. கெட்டியான, வெளிச்சம் புகாத வகையாக இருந்தால் ஒரு போகத்துக்கு அது தாராளமாகப் போதும். ரசாயனம் வந்த பழைய பேரலாக இருந்தால் எவ்வளவு கழுவினாலும் டீசலுக்கு ஆகாது. வெள்ளை கேன்களை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. டேங்குகளையும் வாளிகளையும் ஒதுக்கிவிடுவது நல்லது: நாள்பட்ட டீசலில் உருவாகும் அமிலம் துத்தநாகத்துடன் சேர்ந்து சோப்புப் போன்ற படிவை உண்டாக்கி, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலை அடைக்கும்.

மூன்றாவது வழி எதையும் சேமிக்காமல், வேண்டும்போது பங்க்கிலிருந்து கேனில் வாங்கிவருவது. பேரலா கேனா என்பதை முடிவு செய்ய ஒரு சின்னக் கணக்குப் போதும். 45 குதிரைத்திறன் டிராக்டர் ரோட்டவேட்டருடன் சேற்றில் இறங்கினால் மணிக்கு நான்கு முதல் ஆறு லிட்டர் வரை குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பேரல் சுமார் நாற்பது மணி நேர உழவுக்கு வரும். வாடகைக்கு ஓட்டுபவருக்குச் சீசனில் அது ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டுப் பங்க்குக்கு ஓடும் நேரமும் மிச்சம். இரண்டு மூன்று ஏக்கர் சொந்த நிலத்தை மட்டும் உழுபவருக்கு அதில் கால்வாசி செலவானாலே அதிகம். மீதி அடுத்த கோடையைப் பார்க்கும். விலை ஏறுமுன் வாங்கி வைப்போம் என்பதும் பெரிய லாபமில்லை. 2017 ஜூன் 16 முதல் விலை தினசரி மாற்றத்துக்கு உட்பட்டது, ஏறுவது போல இறங்கவும் செய்யும். எனவே சிறு விவசாயிக்குக் கேன், வாடகை உழவுக்காரருக்குப் பேரல் என்பதே என் தீர்ப்பு. சட்டம் இந்த அளவுகளில் குறுக்கே வராது: 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி டீசலை 2,500 லிட்டர் வரை, எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படாத வகையில், உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

இனி, ஏற்கெனவே பழசாகிவிட்ட டீசல். முதலில் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து ஓர் இரவு அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் பேரலின் அடியிலிருந்து எடுக்க வேண்டும். மேலாக மொண்ட எண்ணெய் எப்போதும் நல்ல பெயரே வாங்கும். காலையில் அடியில் தெளிவான நீர்க்கோடு தெரிந்தால் நீரைப் பிரித்துவிட்டு மேலே உள்ளதைப் பயன்படுத்தலாம். நிறம் சற்றுக் கருத்திருப்பது மட்டும் குற்றமில்லை. கலங்கலாகவே நின்றால், கரும்படலம் மிதந்தால், புளித்த நெடியோ வார்னிஷ் வாடையோ அடித்தால் அது எஞ்சினுக்கு உரியதன்று.

தேறிய டீசலை எந்த எஞ்சினுக்குக் கொடுப்பது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. பழைய ஆயில் எஞ்சினிலும், சாதாரண பம்ப் உள்ள பழைய டிராக்டரிலும் நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளவில்தான் இருக்கும். ஒரு பங்கு பழையதுக்கு மூன்று நான்கு பங்கு புதியது கலந்து ஊற்றினால் அவை பெரிதாக முரண்டு பிடிப்பதில்லை. பில்டர் அடைத்து ஏர் பிடித்தாலும் வயலிலேயே கழற்றி, காற்றை எடுத்து, மறுபடி கிளப்பிவிடலாம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த பெரிய வண்டிகளில் பரவிய காமன்ரயில் முறையில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் முறையில், அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். அங்கே உராயும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி மிக நுண்ணியது. ஒரு சொட்டு நீரோ கண்ணுக்குத் தெரியாத தூசியோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஊசியைத் தேய்த்துவிடும், அந்த இன்ஜெக்டரை ஊர் மெக்கானிக் வரப்பில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. அத்தகைய வண்டிக்குப் பழைய டீசலில் எந்த விகிதமும் எனக்கு உடன்பாடில்லை. மிச்சமாகும் சில நூறு ரூபாய், ஒரு இன்ஜெக்டர் விலைக்கு முன்னே நிற்காது.

வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. துணி தூசியையும் துருவையும் பிடிக்கும். கரைந்த பிசினையும் நீரையும் அதனால் தடுக்க முடியாது. பூஞ்சைக் கொல்லி மருந்துகளும் நிலைப்படுத்தும் திரவங்களும் புதிய டீசலில் முன்கூட்டிச் சேர்த்தால்தான் முழுப் பலன் தரும், கெட்டதை மீட்டுத் தராது. மண்ணெண்ணெய் கலப்பது வேண்டாத வேலை: கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்ட, இப்போது பங்க்கில் கிடைக்கும் பிஎஸ்6 தர டீசலில் இயல்பான வழுவழுப்பு ஏற்கெனவே குறைவு, மண்ணெண்ணெய் அதை மேலும் குறைத்து பம்பைத் தேய்க்கும். பெட்ரோல் கலப்பதோ தீயை வீட்டுக்கு அழைப்பது.

தேறாத டீசலையும் அடிக்கசடையும் வரப்பில் ஊற்றுவதும் கிணற்றோரம் கொட்டுவதும் பிறகு நம் குடிதண்ணீரிலேயே வந்து நிற்கும். தனிக் கேனில் மூடிவைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் சேர்த்துவிடலாம். நீர் பிரித்த பகுதியைப் பட்டறையில் பாகம் கழுவக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். காலியான பேரலைக் கழுவ இறங்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு லிட்டர் நல்ல டீசலை ஊற்றி உருட்டி, அந்தக் கழுவலையும் அதே கேனில் சேர்த்து, மூடிகளைத் திறந்து காயவிட்ட பிறகே புதியதை நிரப்ப வேண்டும்.